தெருக்கோடியில் நிற்கும் காவிரி

(இராமநாதபுரம் மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் பொறியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் பேசுவார்கள். மழை வருமா, வைகையில் வருமா, குழாயில் வருமா என்பது இங்கே தலைமுறை தலைமுறையான கவலை. நான் இன்று தண்ணீர் போவதைப் பற்றிப் பேசப்போகிறேன். வீட்டுக்குள் வந்த தண்ணீர் அங்கணத்தைத் தாண்டி, வாறுகாலில் விழுந்து, தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது, என்ன ஆக வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. அதனால்தான் நம் முன்னோர்கள் ஊருணி வெட்டினார்கள். வேலி போட்டார்கள், ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள், குளிக்கவும் துவைக்கவும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஊருணி வற்றிய கோடையில் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க மொண்டு ஊற்றினார்கள். குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊர்வரை தள்ளிப்போன கதையை இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுத்த தண்ணீர் மாவட்டங்களைத் தாண்டிக் குழாயில் இங்கே வந்து சேர்ந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், வீட்டுக்கு வீடு இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தது. அந்த 55 லிட்டரும் எல்லா நாளும் வருகிறதா என்பது தனி வழக்கு. ஆனால் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அத்தனை தூரம் மின்சாரம் செலவழித்துத் தள்ளிக்கொண்டு வந்த காவிரி, ஒரே ஒருமுறை பாத்திரம் கழுவ, ஒரே ஒருமுறை குளிக்கப் பயன்பட்டுவிட்டு, தெருக்கோடியில் வேலிக்கருவை மூட்டுக்குக் கீழே கறுத்துப்போய் நிற்கிறது. கொசு அங்கேதான் முட்டையிடுகிறது.

ஆயிரம் பேர் இருக்கிற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் ஊருக்கு 55,000 லிட்டர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஆளுக்கு 36 லிட்டர் அளவு, குளித்த நீராகவும் துவைத்த நீராகவும் கழுவிய நீராகவும் வெளியே வரும் என்பது தூய்மை பாரதம் ஊரகத் திட்டத்தின் கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்கு 36,000 லிட்டர். ஓட்டை வாறுகாலில் ஊறியதும் வெயிலில் ஆவியானதும் போக அதில் பாதிதான் கைக்குக் கிடைக்கிறது என்று கஞ்சத்தனமாகவே கணக்கிடுவோம்: 18,000 லிட்டர். தென்னைக்குக் கோடையில் நாளுக்கு 80 லிட்டர் வைத்தால் இருநூறு மரத்துக்கு மேல் காப்பாற்றலாம். தீவனப்புல் என்றால் முக்கால் ஏக்கர். பெரிய பாசனம் என்று யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், கண்மாய் வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில், இந்த ஊருக்குத் தொடர்ந்து வந்து சேர்கிற நீர் இது ஒன்றுதான். வறட்சி மாவட்டத்தில் கழிவுநீரைச் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். எந்த மரத்துக்கு, எந்தப் புல்லுக்கு இந்த நீர் போகப்போகிறது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து குட்டையையும் தொட்டியையும் திட்டமிட வேண்டும் என்பதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்கிற கருத்து.

இப்படிச் சொன்னதும் சிலர், "ஐயா, நகரத்தில் இருக்கிற மாதிரி பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் எங்களுக்கு வேண்டாமா? கிராமம் என்றால் குட்டையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிராமத்துக்கு மட்டமானது போதும் என்ற எண்ணத்தில் நான் பேசவில்லை. பாதாளச் சாக்கடைக் குழாயில் மலம் தேங்காமல் ஓடவேண்டும் என்றால் அதைத் தள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் நம் நாட்டுக் குடிநீர் வழிகாட்டு நூல், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் வழங்கச் சொல்கிறது. 55 லிட்டர் ஊரில் அந்தக் குழாயைப் பதித்தால் மாதத்துக்கு ஒருமுறை அடைக்கும். அடைத்தால் ஆளை இறக்குவார்கள். மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்தே ஒரு குழாயைப் புதைப்பதற்கு நான் ஒருபோதும் கையெழுத்துப் போடமாட்டேன்.

இயந்திரச் சுத்திகரிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. காற்றை ஊதி, நுண்ணுயிர்ச் சேற்றைக் கலக்கிக் கழிவைத் தின்னவைக்கும் முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் அறிவித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து பணியாற்றினார். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது மழையும் குளிரும் நெரிசலும் உள்ள ஆலை நகரத்தில் பிறந்தது. அங்கே இடம் இல்லை, வெயில் இல்லை. கழிவுநீர் மட்டும் இடைவிடாமல் ஓடிவரும். நம் ஊரில் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை வாறுகால் ஓடும், பிறகு சாயங்காலம் கொஞ்சம் ஓடும், நடுவில் காய்ந்து கிடக்கும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் கழிவுநீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அந்த நுண்ணுயிர்களுக்கு நாள் முழுக்க இரையும் வேண்டும், காற்றும் வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால்கூட நாற ஆரம்பிக்கும். திறப்பு விழாவுக்குப் பிறகு ஊதுகுழல் ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கிற நிலையங்களை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் இருப்பது வெயிலும் புறம்போக்கு நிலமும். அவற்றை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை, இரண்டு நீரையும் பிரித்து வைப்பது. கழிப்பறைத் தண்ணீர் வேறு, அங்கணத் தண்ணீர் வேறு. நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் பெரும்பாலும் மலத்தில்தான் இருக்கின்றன. அதன் அளவோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கொண்டுபோய் 36,000 லிட்டரிலும் கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தான நீராகிவிடும். கலக்காமல் விட்டால் குளியல் நீரைத் தெளியவைப்பது பாதி வேலைதான். இதை நம் வீடுகளில் ஏற்கெனவே செய்துவந்தோம். அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்குப் போய் மாட்டுக்குப் போயிற்று. குளித்த நீர் கொல்லைப்புற வாழைக்குப் போயிற்று. வீடுகள் நெருங்கி, கொல்லை போய், சிமெண்டுத் தெருவும் வாறுகாலும் வந்தபிறகுதான் எல்லாரும் எல்லாவற்றையும் வெளியே தள்ளத் தொடங்கினோம். இன்னும் கொல்லை இருக்கிற வீட்டுக்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. சோப்பு நுரையும் எண்ணெயும் தங்க ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து வாழைக்கோ தென்னைக்கோ ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீடுகளை முதலில் எண்ணி ஒதுக்கிவிட்டால் மிச்சம் சமாளிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன, ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊர் ஊராக உறிஞ்சுகுழி தோண்டினோம். ஒரே வரைபடம், ஒரே அளவு, ஒரே மதிப்பீடு. செம்மண் ஊரில் அது நன்றாகவே வேலை செய்கிறது. கரிசல் ஊரில் ஒரு வருஷத்துக்குள் நிரம்பித் தெருவில் வழிகிறது. கரிசல் நனைந்தால் உப்பி, தன் துளைகளைத் தானே மூடிக்கொள்ளும் மண். அதற்குள் தண்ணீர் இறங்காது. கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடித்திருப்பதைப் பார்த்து, நன்றாக உறிஞ்சும் என்று நினைப்பது தவறு. முதல் நாள் நீர் பட்டதும் அந்த வெடிப்பு மூடிவிடும். திருப்புல்லாணி, மண்டபம் போன்ற கடற்கரை மணல் ஊர்களில் இதற்கு நேர்மாறு. ஊற்றிய நீர் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். உறிஞ்சுகுழி பிரமாதம் என்று ஊரே சொல்லும். ஆனால் அங்கே உவர்நீரின் மேல் மிதக்கிற நல்ல நீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. மணல் வழியே இறங்கிய கழிவு அந்த நீரில் போய்ச் சேரும். பாறை ஊர்களில் இன்னொரு விதம். வெடிப்புப் பாறை எதையும் வடிகட்டாது. இந்த வீட்டுக் குழியில் விட்டது எந்த வீட்டு ஆழ்குழாயில் எழும்பும் என்று சொல்லமுடியாது. இப்படிக் கழிவு கலந்தால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும்; குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து, உடம்பு நீலம் பாய்கிறது.

ஆகவே குழி தோண்டுமுன் மண்ணைக் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்யலாம். உறிஞ்சுகுழி எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அந்த ஆழத்தில் ஓரடி அகலத்துக்கு ஒரு சிறு குழி எடுங்கள். முதல்நாள் இரவே நீர் நிரப்பி மண்ணை நன்றாக ஊறவிடுங்கள். இதுதான் முக்கியம், ஊறாத கரிசல் பொய் சொல்லும். மறுநாள் அரையடி நீர் விட்டு, ஓரங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சுகுழி வேண்டாம். ஒருமணி நேரத்துக்கு மேல் ஆனால் மண்ணுக்குள் விடுகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இந்திய தர நிறுவனத்தின் விதியும் ஏறத்தாழ இதுதான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கைக்கடிகாரமும் போதும். இதைச் செய்யாமல் லட்சக்கணக்கில் குழி தோண்டியிருக்கிறோம் என்பது என்னை வருத்துகிறது.

உறிஞ்சுகுழிக்கு ஆகாத அதே கரிசல், குட்டைக்குக் கைகொடுக்கிறது. தண்ணீரை இறக்காத மண் தண்ணீரைத் தாங்கும். மணல் ஊரில் களிமண்ணோ தார்ப்பாயோ விரித்தால்தான் குட்டை நிற்கும். கரிசல் ஊரில் வெட்டி, கரையை மிதித்துக் கெட்டிப்படுத்தினால் போதும். வெட்டிய பிறகு வறளவிடக்கூடாது, வெடித்துவிடும்.

குட்டை என்றதும் தேங்கிய சாக்கடை என்று நினைக்காதீர்கள். நான் சொல்வது அளவெடுத்துக் கட்டிய தெளிவுக் குட்டை. நாக்பூரில் 1958இல் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், இன்று நீரி என்று நாம் அழைப்பது, இந்த வெயிலுக்கு ஏற்ற முறை என்று இதை ஆராய்ந்து வளர்த்தது. வாறுகால் முடிகிற இடத்தில் முதலில் கம்பித் தடுப்பு, அடுத்து வண்டல் தொட்டி. சாம்பல், மணல், பிளாஸ்டிக் உறை, தலைமுடி எல்லாம் அங்கே தங்கிவிட வேண்டும். அதன் பிறகு நாலைந்தடி ஆழத்தில் முதல் குட்டை. அடியில் படிகிற கசடைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும். மேல்மட்டத்தில் பாசி வளரும். பாசி பகலில் வெயிலை வாங்கிப் பிராணவாயுவை நீரில் விடும். அதை மூச்சாக எடுத்துக்கொண்டு மற்ற நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அவை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஊதுகுழல் செய்கிற வேலையைக் காசில்லாமல் பாசி செய்கிறது. அதற்கடுத்து மூன்றடி ஆழத்தில் இரண்டாம் குட்டை. வெயில் அடிவரை இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆழம் குறைவு. உச்சி வெயிலில் பாசி மும்முரமாக வேலை செய்யும்போது நீரின் காரத்தன்மை ஏறும். அந்தக் காரமும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து கிருமிகளைக் கொல்கின்றன. புழு முட்டைகள் கனமானவை, நாள்கணக்கில் நீர் அசையாமல் இருந்தால் அடியில் படிந்துவிடும்.

மொத்தம் பதினைந்து நாள் நீர் தங்கவேண்டும் என்று வைத்தால் நம் ஆயிரம் பேர் ஊருக்கு 540 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் நீர்ப்பரப்பு 450 சதுர மீட்டர், அதாவது பதினொரு சென்ட். கரை, பாதை, வேலி எல்லாம் சேர்த்து இருபத்தைந்து சென்ட் புறம்போக்கு கிடைத்தால் தாராளம். ஆவியாவது எவ்வளவு என்று கேட்பீர்கள். கடுங்கோடையில் நாளுக்கு எட்டு மில்லிமீட்டர் போனாலும் 3,600 லிட்டர், வருகிற நீரில் பத்தில் ஒரு பங்கு. அதே கொள்ளளவை ஓரடி ஆழத்தில் பரப்பிப் பெரிய குட்டையாக வெட்டினால் இழப்பு நாலு மடங்காகிவிடும். வறட்சி நிலத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக அகலமாக வெட்டக்கூடாது.

குட்டையின் உடல்நலத்தை நிறத்தை வைத்தே சொல்லலாம். பச்சையாக இருந்தால் நலம். சாம்பலோ கறுப்போ ஆனால் சுமை கூடிவிட்டது அல்லது யாரோ கழிப்பறைக் குழாயை வாறுகாலில் விட்டுவிட்டார்கள். இளஞ்சிவப்பானாலும் சுமை கூடியதன் அடையாளம்தான். கரையில் புல்லை வளரவிட்டால் கியூலெக்ஸ் கொசு வரும். யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு அது, அழுக்கு நீரை விரும்பி முட்டையிடும். நீர்மட்டம் நிற்கிற விளிம்பில் கல் பதித்துவிட்டால் புல் முளைக்க இடமிருக்காது. கொசுப்புழுவைத் தின்ன இரண்டாம் குட்டையில் கம்பூசியா மீன் விடலாம்.

இருபத்தைந்து சென்ட் கிடைக்காத ஊரில் செடிப் படுகை போடலாம். இரண்டடி ஆழத்தில் ஜல்லி நிரப்பி, கல்வாழை, சம்பு, நாணல் நட்டு, நீரை ஜல்லிக்குள்ளேயே மெல்ல ஓடவிடுவது. ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், வறட்சி நிலச் சிற்றூர்களுக்காக இந்த முறையைப் பரிசோதித்து, தெளிந்த நீரைப் பயிருக்குப் பாய்ச்சியிருக்கிறது. நீர் வெளியே தெரியாது, கொசு வராது, பார்க்கவும் அழகு. ஆனால் நீர் நுழைகிற முனையில் சில வருஷத்தில் ஜல்லி அடைத்துக்கொள்ளும், அள்ளிக் கழுவிப் போட வேண்டும். செடிகளும் நிறையக் குடித்துவிடும். மரத்துக்கு மிஞ்ச வேண்டும் என்று நினைக்கிற ஊரில் எனக்குக் குட்டைதான் பிடிக்கும்.

மழையை மறந்துவிடாதீர்கள். நம் வாறுகாலில் தெருவின் மழைநீரும் ஓடுகிறது. ஐப்பசியில் ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால், ஐந்து ஹெக்டேர் ஊர்நத்தத்தில் விழுகிற நீர் 25 லட்சம் லிட்டர். அதில் பாதி வாறுகாலுக்கு வந்தாலும் குட்டையின் மொத்தக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பதினைந்து நாள் பழகிய பாசியும் நுண்ணுயிரும் ஒரே இரவில் அடித்துப்போகும், கசடும் கிளம்பிக் கண்மாய்க்குள் போகும். வண்டல் தொட்டிக்கு முன்னால் ஒரு மாற்றுவழியும் ஒரு மடைப்பலகையும் வைத்து, பெருமழை நீரைத் தனியே திருப்பிவிட வேண்டும். மதிப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ஒரு பலகைதான்.

அடுத்தது உப்பு. குட்டை அழுக்கை எடுக்கும், கிருமியை எடுக்கும், உப்பை எடுக்காது. ஆவியாகிறது வெறும் நீர், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே வெளியே வருகிற நீரில் உப்பு கூடியிருக்கும். காவிரி நீரில் மட்டும் குளித்துத் துவைத்தால் கவலையில்லை. துவைக்கிறதுக்கு உவர்ப்பு ஆழ்குழாய், குடிக்கிறதுக்குக் காவிரி என்று வைத்திருக்கிற ஊரில் கழிவுநீரும் உவர்ப்பாகத்தான் இருக்கும். சோப்புத் தூளில் உள்ள சோடியம் அதோடு சேரும். சோடியம் கரிசலின் கட்டமைப்பையே உடைத்து மண்ணை மூடிவிடுகிறது. மேலே வெள்ளையாகப் பூத்தால் பல வருஷத்துக்கு அந்த நிலம் தேறாது. அதனால்தான் பயிரை முதலில் தீர்மானியுங்கள் என்கிறேன். வாழையும் அவரையும் உப்பைத் தாங்காது. தென்னை தாங்கும், பருத்தி தாங்கும், புங்கன், வேம்பு தாங்கும், கம்பு நேப்பியர் ஓரளவு தாங்கும். ஜிப்சம் இடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை அந்த நிலத்தின் மேல் நின்று உப்பைக் கீழே கழுவும்படி வரப்புக் கட்டிவையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை உப்பு அளக்கும் சிறு கருவியை நீரில் முக்கிப் பார்த்து எழுதிவையுங்கள்.

சாப்பாட்டுப் பயிருக்கு விடலாமா? உலக சுகாதார நிறுவனம் 1989இல் ஒரு வழிகாட்டி தந்தது: பச்சையாகத் தின்னும் பயிருக்கு விடும் நீரில் நூறு மில்லிக்கு ஆயிரம் மலக் கோலிஃபார்முக்கு மேலும், லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேலும் இருக்கக்கூடாது. 2006இல் அந்த நிறுவனமே, நீரின் தரம் ஒன்றை மட்டும் பார்க்காமல், பயிர்த் தேர்வு, பாய்ச்சும் முறை, அறுவடைக்கு முன் பாய்ச்சலை நிறுத்தும் நாள், கழுவுவது, சமைப்பது என்று ஒவ்வொன்றையும் ஒரு தடுப்பாகக் கணக்கிடச் சொன்னது. மெக்சிகோவில் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு என்ற வறண்ட பகுதி, நூறு ஆண்டுக்கு மேலாகத் தலைநகரின் சாக்கடை நீரிலேயே விளைந்தது. பயிர் செழித்தது, ஆனால் தெளியவைக்காத நீரில் வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உருண்டைப்புழு அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டின. ஆகவே கீரை, தக்காளி, வெள்ளரி வேண்டாம். மரமும் தீவனமும் போதும். வாய்க்கால் பாய்ச்சலே செய்யுங்கள். பாசி சொட்டுநீர்க் குழாயை அடைத்துவிடும். மடை திறக்கிறவர் காலில் பூட்ஸ் இருக்கட்டும்.

கழிப்பறைக் குழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழி என்பது எளிய, நல்ல முறை. ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். மூடியது ஒன்றரை, இரண்டு வருஷம் கிடந்தால் மண்போல் ஆகிவிடும். 2017இல் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தானே குழிக்குள் இறங்கி அதை அள்ளிக் காட்டினார். ஆனால் நம் ஊரில் பலர் கட்டியிருப்பது ஆழமாக உறை இறக்கிய ஒற்றைக் குழி. அதைச் செப்டிக் டேங்க் என்று தவறாகச் சொல்கிறார்கள். நிரம்பினால் லாரி வரும். லாரி எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஓடையிலும் கண்மாய் மூலையிலும் கொட்டுகிறார்கள். கருங்குழி பேரூராட்சியில் 2017இல் வந்தது போன்ற மலக்கசடு நிலையம் ஒன்று லாரி போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மணல் படுகையில் பரப்பினால் நம் வெயிலே காயவைத்துவிடும். இதை ஓர் ஊராட்சி தனியே செய்ய முடியாது, ஒன்றியம் செய்ய வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது. வாறுகால் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். பல ஊர்களில் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. மேட்டுத் தெருவின் சோப்பு நீர் அவர்கள் வாசலில் நிற்கிறது. குட்டைக்கு இடம் தேடும்போதும், பள்ளமாக இருக்கிறது, வசதியாக இருக்கிறது என்று அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே குறித்துவிடுகிறார்கள். இதைப் பொறியியல் முடிவு என்று நான் ஒப்பமாட்டேன். வாறுகாலை இருநூறு மீட்டர் நீட்டினால் எல்லா வீட்டையும் தாண்டிக் குட்டை வெட்டலாம். அதற்கான செலவு பெரிதல்ல. தெளிந்த நீரில் வளர்கிற புல்லிலும் தேங்காயிலும் முதல் உரிமை, இத்தனை வருஷம் அந்த நாற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இருக்க வேண்டும்.

பராமரிப்புப் பணத்துக்கு வருகிறேன். பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் அறுபது விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. கட்டுவதற்குப் பணம் ஏதாவது ஒரு வழியில் வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை கம்பித் தடுப்பை வழிக்க, மாதத்துக்கு ஒருமுறை வண்டல் தொட்டியைத் தூர்வார, கரைப்புல்லை அறுக்கப் பணம் எங்கே என்பதுதான் கேள்வி. புல்லை ஏலம் விடுங்கள், தேங்காயை ஏலம் விடுங்கள். அந்த வரவைத் தனிக் கணக்கில் வையுங்கள். குட்டையைப் பார்த்துக்கொள்கிற வேலையைத் தூய்மைக் காவலர் தலையில் கூடுதல் வேலையாகச் சுமத்தாமல், தனிச் சம்பளமும் நீண்ட பிடி வைத்த வழிக்கும் கோலும் கையுறையும் பூட்ஸும் கொடுத்து ஒருவருக்கு ஒப்படையுங்கள். அந்த வேலை எந்த ஒரு சாதிக்கும் உரியது என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சித் தலைவரின் பொறுப்பு.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இருக்கிறது. அதற்கு முன் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பொறியாளரை அழைத்துக்கொண்டு வாறுகாலின் கடைசிவரை நடந்து பாருங்கள். வாளியும் கடிகாரமும் வைத்து, எத்தனை விநாடியில் வாளி நிறைகிறது என்று மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். கொல்லை உள்ள வீடுகள் எத்தனை, கழிப்பறைக் குழாயை வாறுகாலில் விட்டிருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். மண் சோதனையை ஆசிரியர்கள் பிள்ளைகளோடு செய்து தரட்டும். எந்தச் சர்வே எண்ணில் குட்டை, எந்தச் சர்வே எண்ணில் மரம், யார் மடை திறப்பது, அவருக்கு என்ன சம்பளம், அது எந்தக் கணக்கிலிருந்து என்று ஐந்தையும் தீர்மானத்தில் எழுதிய பிறகே மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுங்கள். எழுதுகிற ஊராட்சி எதுவானாலும், அளவெடுக்கவும் கணக்குப் பார்க்கவும் கூட வந்து நிற்க நான் தயாராக இருக்கிறேன்.